பூக்க முன்னம்

இலங்கையில் உங்கள் காணியில் பார்த்தீனியம் நின்றால், அதை அழிக்கும் பொறுப்பு உங்களுடையது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது தீங்கு விளைக்கும் களையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. விதை காற்றோடு வந்ததா, மாட்டெருவோடு வந்ததா, அயலவரின் வளவிலிருந்து பறந்து வந்ததா என்பதெல்லாம் அங்கே பேச்சில்லை. காணிக்கு உரியவரும் அதை அனுபவிப்பவரும்தான் பதில் சொல்ல வேண்டும். வலிகாமத்தில் விவசாயப் போதனாசிரியராக இருந்த காலம் முழுக்க இதை வேலியோரங்களில் நின்று சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் திருப்பிச் சொன்னது ஒன்றுதான்: "நான் விதைக்கேல்லையே, சேர்."

உண்மைதான், எங்கள் பக்கத்தில் எவரும் அதை விதைக்கவில்லை. மெக்சிக்கோவும் அதைச் சூழ்ந்த வெப்ப நாடுகளும் அதன் தாயகம். இந்தியாவில் 1950களின் நடுப்பகுதியில் பூனாவில் கண்டார்கள். பிறகு அது அந்த நாடு முழுக்கப் பரவியது. வடக்குக்கு, 1987க்கும் 1990க்கும் இடையில் இந்தியப் படையினரின் உணவுக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்பதுதான் இங்கே பரவலாகச் சொல்லப்படுவது. 1999இல் வவுனியாவில் அது முறையாக அடையாளம் காணப்பட்டது. அதற்குப் பிறகு வந்த பத்து வருடமும் களை பிடுங்கும் காலமாக இருக்கவில்லை. சனம் இடம்பெயர்ந்தது, காணிகள் ஆளில்லாமல் கிடந்தன.

1990 முதல் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்த வலிகாமம் வடக்குக் காணிகள், போர் முடிந்த பிறகு கட்டம் கட்டமாக விடுபட்டன. திரும்பிப் போனவர்களுக்கு எல்லைக்கல்லைக் கண்டுபிடிக்கவே பற்றை வெட்ட வேண்டியிருந்தது. வீடு நின்ற இடம் எது, கிணறு எங்கே என்று தடுமாறி நிற்கும் மனிதரிடம் போய்க் களையைப் பற்றிப் பேசுவது எனக்கு இலேசாக இருக்கவில்லை. ஆனாலும் பேசத்தான் வேண்டியிருந்தது. ஏனென்றால் டோசர் போட்டுப் பற்றையைத் தள்ளி, மண்ணை வெறுமையாக்கிய இடத்தில் முதலில் வந்து குடியேறுவது பார்த்தீனியம். வீடு கட்ட ஒதுக்கிய பணம் கைக்கு வருமுன்பே அது முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும்.

இந்தச் செடியின் பலம் அதன் வேகம். ஐப்பசி மழைக்கு முளைத்தது நான்கு தொடக்கம் ஆறு கிழமைக்குள் பூ வைத்துவிடும். முதலில் நிலத்தோடு படிந்த இலைக்கொத்தாகத்தான் இருக்கும். கரட் இலைபோல ஆழமாக வெட்டுண்ட இலை. கரட் பாத்திக்குள் முளைத்தால் அனுபவமுள்ள கைகூட ஒரு கணம் தயங்கும். இலையைத் தடவிப் பார்த்தால் மெல்லிய மயிர்கள் விரலில் படும், அதை வைத்துப் பிரித்துவிடலாம். பிறகு நடுவிலிருந்து தண்டு எழும்பும், கிளை விடும், இடுப்பளவுக்கு வளரும். பூத்தலை மிளகிலும் சிறிய வெள்ளைப் பொட்டு. ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விளிம்பில் ஐந்து மூலைகள் தெரியும், மூலைக்கு ஒன்றாக ஐந்து கறுத்த விதைகள். நன்றாக வளர்ந்த ஒரு செடியில் பதினையாயிரம் முதல் இருபத்தையாயிரம் விதை வரை கிடைக்கும். மண்ணுக்குள் புதைந்த விதை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மேலே வந்து ஈரம் பட்டால் முளைக்கும். ஆகவே ஒரு காணியில் ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால், அந்தக் காணிக்காரர் அதற்குப் பிறகு பல வருடத்துக்கு வேலை சேர்த்து வைத்திருக்கிறார். தனக்கு மட்டுமல்ல, காற்று வீசும் திசையில் இருக்கும் எல்லாருக்கும்.

அந்தத் திசையில் ஒரு ஆச்சியின் வெங்காயத் தறை இருந்தது. நான்கு பரப்புக் காணி, அதாவது ஏக்கரில் கால்வாசி. அவவின் மேற்கு எல்லைக்கு அப்பால் ஆளில்லாத வளவு. கதியால் வேலி இற்றுப்போய் இடைவெளி விழுந்திருந்தது. அந்தப் பக்கம் முழுக்க வெள்ளைப் பூ. இந்தப் பக்கம் வெங்காயத்துக்கு நடுவே தினமும் புதிதாக முளைத்த குருத்துகள். ஆச்சி குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவா. வெறுங்கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் தடித்துச் சிவந்து, சில இடத்தில் நீர் வடிந்திருந்தது.

"இரவில சொறிஞ்சு சொறிஞ்சு நித்திரை இல்லைத் தம்பி. மகள் சொல்லுறாள் வெங்காயம் ஒத்துக்கொள்ளேல்லையாம். அறுவது வருசமா வெங்காயத்துக்குள்ளதான் கிடக்கிறன், இப்பவே ஒத்துக்கொள்ளாமப் போச்சு?"

வெங்காயம் காரணமில்லை என்று சொன்னேன். செடியின் இலை மயிரிலும் பூந்தூளிலும் இருக்கும் பார்த்தெனின் என்ற பொருள் தோலில் ஒவ்வாமையைக் கொண்டுவரும். தொட்டவுடன் எல்லோருக்கும் வராது; தொடர்ந்து தொட்டுக்கொண்டே இருப்பவரைத்தான் அது பிடிக்கும், ஒரு தடவை பிடித்தால் பிறகு விடாது. மூச்சிழுப்பு உள்ளவர்களுக்குப் பூந்தூள் இன்னும் பொல்லாதது. பயிருக்கும் அப்படித்தான். மிளகாய், தக்காளி, கத்தரிப் பூக்களின் சூல்முடியில் பார்த்தீனியப் பூந்தூள் படிந்தால் காய் பிடிப்பது குறையும். மாடு தின்றால் பால் கசக்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், வேலிக்கு அப்பால் பிடுங்காமல் விடப்பட்ட செடியின் விலையைக் கொடுப்பவர் வேலிக்கு இப்பால் இருக்கும் ஆச்சி. அதனால்தான் நான் இதைக் காணிக்காரரின் சொந்த விடயமாக ஒருபோதும் பார்க்கவில்லை.

அந்த வளவின் சொந்தக்காரர் கனடாவில் இருந்தார். ஆச்சியிடம் இலக்கம் வாங்கி வைபரில் எடுத்தேன். நல்ல மனிதர். ஊரை விட்டுப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகியும் வளவின் ஒவ்வொரு பனையும் நினைவிருந்தது. களையென்றதும் அவரும் அதே சொல்லைத்தான் சொன்னார்.

"அண்ணை, நான் விதைக்கேல்லை. நான் அங்க இல்லவும் இல்லை. நான் எப்பிடிப் பொறுப்பு?"

"தம்பி, அந்தப் பனையில ஒண்டை ஆரும் வெட்டினா விடுவீங்களே?"

"அதெப்பிடி விடுறது? அது எங்கட அப்பா வைச்ச மரம்."

"அப்ப காணி உங்கட தானே. மரம் உங்கட எண்டா, அதுக்குக் கீழ நிக்கிறதும் உங்கட தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். காணொளியில் வளவைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு ஆச்சியின் கைகளையும் காட்டினேன். யாருக்குக் காசு அனுப்ப வேண்டும் என்று அவரே கேட்டார்.

எல்லோரும் இப்படியில்லை. சிலர் அழைப்பை எடுக்கமாட்டார்கள். சிலருடைய காணி பிரிபடாத பங்கு. ஒரு வளவுக்கு ஐந்து சகோதரர்கள், அவர்கள் நாலு நாட்டில். மூத்தவரைக் கேட்டால் இளையவருக்குச் சீதனமாகப் போய்விட்டது என்பார், இளையவரைக் கேட்டால் உறுதி இன்னும் மாறவில்லை என்பார். யாருக்குக் கடிதம் எழுதுவது? உரிமையாளர் யார் என்று கிராம அலுவலரிடம் கேட்டு, விலாசம் எடுத்து, பதிவுத்தபாலில் போட்டு, பதில் வருமா என்று பார்த்து, வராவிட்டால் இரண்டாவது கடிதம். அரச காரியாலயத்தில் இது எவ்வளவு காலம் எடுக்கும் என்பது இந்த நாட்டில் வாழ்ந்த எவருக்கும் தெரியும். செடிக்கோ ஆறு கிழமை போதும். முதற்கடிதம் கடல் தாண்டுமுன் அது விதைத்து முடித்துவிடும். இரண்டாவது கடிதம் போகும்போது அடுத்த தலைமுறை முளைத்திருக்கும்.

என் தொழிலில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்ட விடயம் இதுதான். களைக்கான பொறுப்பைச் செடியைக் கண்ட பிறகு தேடினால் பிந்திவிடும். மழைக்கு முன்னமே அது ஒரு பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்க வேண்டும். இலங்கையில் 1909இலேயே ஆகாயத்தாமரைக்கென்று தனிச் சட்டம் இருந்தது. ஆகவே சட்டத்துக்கு நாங்கள் புதியவர்கள் இல்லை. சட்டம் கையில் இருந்தும் குளங்களில் ஆகாயத்தாமரை இன்றைக்கும் மிதக்கிறது. தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிடிவாதமாகக் கைவிட்டவருக்கு வழக்குப் போடத்தான் வேண்டும். ஆனால் வழக்கு முடிந்து தண்டம் கட்டியவரின் காணியில் விதை ஏற்கனவே மண்ணுக்குள் போயிருக்கும்.

ஆகவே புரட்டாதியில் வேலையைத் தொடங்கினோம். சனசமூக நிலையத்தில் ஒழுங்கை ஒழுங்கையாகக் காணிகளை ஒரு தாளில் எழுதினோம். ஒவ்வொரு காணிக்கும் எதிரே உரிமையாளரின் பெயர், அதற்கடுத்து ஊரில் இருந்து அதற்குப் பதில் சொல்லப்போகும் ஒருவரின் பெயர், தொலைபேசி இலக்கம். ஊரிலிருப்பவர் மச்சானாகவோ, பழைய அயலவராகவோ, கூலிக்கு வருபவராகவோ இருக்கலாம். அவர் மழை தொடங்கி மூன்றாம் கிழமையில் முதற்தடவையும், பிறகு மூன்று கிழமைக்கொரு தடவை தை வரைக்கும் காணிக்குள் இறங்க வேண்டும். மூன்று கிழமை என்றது ஏன் என்று கேட்பார்கள். நாலாவது கிழமையில் பூக்கத் தொடங்கும், அதற்கு முன்னம் கை பட வேண்டும். கூலியை வருட முடிவில் மொத்தமாகக் கொடுக்கக் கூடாது, ஒவ்வொரு தடவைக்கும் படம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வந்த காசு கோயில் திருவிழாவுக்குப் போனதைக் கண்டிருக்கிறேன். களை அடுத்த வருடமும் நின்றது.

இதைவிட நல்ல வழி, காணியைச் செய்ய விடுவது. பயிர் நிற்கும் மண்ணில் பார்த்தீனியத்துக்கு இடம் குறைவு. வெங்காயமோ மரவள்ளியோ முடியாவிட்டால், சணலை நெருக்கமாக விதைத்துப் பசளைக்கு உழுதுவிடலாம். வேலியோரத்தில் தகரையை வளர விட்டாலும் அது பார்த்தீனியத்தை அமுக்கும். பக்கத்தில் செய்கைக்கு நிலமில்லாமல் நிற்கும் இளம் கமக்காரர் எப்போதும் ஒருவர் இருப்பார். ஆனால் வெளிநாட்டுக்காரர் பயப்படுகிறார். பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டவர் காணிக்கு உரிமை கோரலாம் என்ற 1871ஆம் ஆண்டுச் சட்டம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இலவசமாகக் கொடுத்தவன் காணியை இழந்த கதைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. இந்தப் பயம் நியாயமானது, அதை நான் அலட்சியப்படுத்தியதில்லை. அனுமதியோடு இருப்பவர் எதிர் ஆட்சி கோர முடியாது என்பதால், வருடத்துக்கு ஒரு தடவை எழுத்தில் புதுப்பிக்கும் குத்தகை உடன்படிக்கையைச் சட்டத்தரணி மூலம் எழுதுங்கள் என்று சொல்வேன். குத்தகைக் காசு எவ்வளவும் இருக்கட்டும், பெயருக்கு ஒரு தொகை போதும். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: காணியிலும் வேலியோரத்திலும் பார்த்தீனியம் பூக்க விடக்கூடாது. அந்த வரியைச் சேர்த்த உடன்படிக்கைகள் எனக்குத் தெரிந்தவரை நன்றாகவே நடக்கின்றன.

பிடுங்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூலிக்கு வருபவர்கள் பெரும்பாலும் வெட்டுகிறார்கள். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்த்து, இன்னும் குட்டையாக நின்று இன்னும் விரைவாகப் பூக்கும். மழை பெய்து ஒரு நாள் விட்டு, மண் இளகி இருக்கும்போது இறங்க வேண்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, வாயையும் மூக்கையும் துணியால் கட்டி, செடியைத் தண்டில் பிடிக்காமல் மண்ணோடு ஒட்டிய கழுத்தில் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஆணிவேர் முழுதாக வெளியே வரும். செம்மண்ணில் அந்த வேர் உருவிக்கொண்டு வருவதைக் கையிலேயே உணரலாம். காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்தில் முறிந்துவிடும். பூ வைத்த செடி என்றால், முதலில் பொலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக் கட்டிவிட்டுப் பிறகு இழுக்க வேண்டும். பிடுங்கியதை வேலிக்கு மேலால் ஒழுங்கைக்குள் எறியக் கூடாது. காணிக்குள்ளேயே ஒரு மூலையில் காயவைத்துக் கொளுத்த வேண்டும்.

மருந்து அடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டு, 2022இல்தான் தடை முழுதாக நீங்கியது. அந்த வருடங்களில் கைதான் எங்களுக்கு இருந்த ஒரே கருவி. அதனால் நாங்கள் நட்டப்பட்டோம் என்று நான் நினைக்கவில்லை. சுண்ணக்கல்லுக்கு மேல் இருக்கும் எங்கள் மண்ணில், மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போகப் பெரிய நேரம் எடுக்காது. லீற்றருக்கு இருநூறு கிராம் கறியுப்பைக் கரைத்துத் தெளித்தாலும் செடி கருகும். மதவோரம், மதில் அடி, சீமெந்துத் தரையின் வெடிப்பு, இந்த இடங்களுக்கு அது சரி. தோட்டத்துக்குள் ஒருபோதும் வேண்டாம். உவர் ஏறும் கிணறுகளைப் பற்றி ஏற்கனவே கவலைப்படும் ஊர் நாங்கள்.

காணிக்காரரின் பொறுப்பு அவருடைய வேலிக்குள் முடிகிறது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். வன்னியிலிருந்து லொறியில் வரும் மாட்டெருவும் ஆட்டெருவும், கிறவலும், ஊரூராகப் போய் உழும் உழவியந்திரத்தின் கலப்பையில் ஒட்டிய மண்ணும் இந்த விதையைக் கொண்டுவருகின்றன. எரு வாங்குகிறவர் அதைப் பறிக்கும் இடத்தைத் தனியாக வைத்து, நனைத்து, முளைப்பதைப் பார்த்துப் பிடுங்கி, மக்கவைத்த பிறகு தறைக்குள் போட வேண்டும். உழவுக்கு வருபவரை, அடுத்த காணிக்குள் இறங்குமுன் கலப்பையைத் தட்டிக் கழுவச் சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே களையோடு எங்களுக்கு முன்னமே போராடுகிறார்கள். அங்கே வாகனமும் அறுவடை இயந்திரமும் ஒரு பிரதேசத்திலிருந்து மற்றதற்குப் போகுமுன் கழுவுவதற்கென்றே இடங்கள் அமைத்திருக்கிறார்கள். களை பரவாமல் இயன்றதைச் செய்வது காணிக்காரரின் கடமை என்று அங்குள்ள சட்டமும் சொல்கிறது. பிரிஸ்பேனில் வீடு வைத்திருக்கும் எங்கள் ஊரவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு அது புதிய செய்தியாக இருக்கவில்லை. அங்கே நகரசபையிலிருந்து கடிதம் வந்தால் தான் அந்தக் கிழமையே ஆள் பிடித்து வேலையை முடிப்பதாகச் சொன்னார். உரும்பிராயிலுள்ள தன் எட்டுப் பரப்புக் காணிக்கும் அதே மாதிரி ஆள் பிடித்துத் தந்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லவேண்டியது நான் அல்ல, அந்தக் காணியைச் சுற்றித் தோட்டம் செய்யும் குடும்பங்கள்.

தனியாரிடம் இவ்வளவு கேட்கும்போது அரசாங்கத்தையும் கேட்க வேண்டும். தெருவோரம், வாய்க்கால் கரை, கைவிடப்பட்ட கட்டட வளவு, இவைக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. நாங்கள் பட்டியல் போட்ட ஒழுங்கையின் முடிவில் ஒரு திணைக்களத்தின் காணி இருந்தது. சுற்றியிருந்த அத்தனை பேரும் பிடுங்கிய வருடத்தில் அது மட்டும் வெள்ளையாக நின்றது. கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "சேர், முதல் உங்கட ஆக்களைப் பிடுங்கச் சொல்லுங்கோ, பிறகு எங்களிட்ட வாங்கோ" என்றார். அவர் கேட்டது சரி. சட்டம் உரிமையாளரைக் கேட்கிறது என்றால் அரசும் உரிமையாளர்தான். சிரமதானத்தால் அதை ஒரு தடவை துப்புரவாக்கினார்கள், ஆனால் சிரமதானம் மூன்று கிழமைக்கொரு தடவை வராது. பிரதேச சபையும் திணைக்களங்களும் தங்கள் பெயரிலுள்ள ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எதிரே ஒரு உத்தியோகத்தரின் பெயரை எழுத வேண்டும். தனியாரிடம் எதிர்பார்க்கும் அதே ஒழுங்கு. இதை நான் பதவியில் இருந்தபோதும் எழுதினேன், ஓய்வு பெற்ற பிறகும் எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கைத் தாளை இந்த வருடமும் புரட்டாதியிலேயே எழுதினார்கள். இப்போது அதை வைத்திருப்பவர் ஆச்சியின் பேத்தி. என்னை விடக் கண்டிப்பானவள், அழைப்பை எடுக்காதவர்களுக்கு அவர்களுடைய பிள்ளைகள் மூலம் செய்தி அனுப்புகிறாள். இரண்டு காணிகளுக்கு எதிரே மட்டும் இன்னும் ஊர்ப்பெயர் இல்லை. ஒன்று பங்குக் காணி, சகோதரர்களில் ஒருவர் மார்கழியில் வருகிறாராம். அதுவரை முதல் இரண்டு தடவைக்கான கூலியை அயலவர்கள் பகிர்ந்து போட்டு, பிறகு அவரிடம் வாங்குவதென்று முடிவெடுத்திருக்கிறார்கள். மற்றது அந்தத் திணைக்களத்தின் காணி. அதற்கான கடிதத்தில் பேத்தியோடு சேர்ந்து நானும் கையெழுத்து வைத்திருக்கிறேன், பிரதி ஒன்று பிரதேச செயலகத்துக்கும் போயிருக்கிறது.